மறதியை அளக்கும் கோல்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலைப்பொழுது, திம்புள்ளப் பகுதித் தோட்டமொன்றில் வாழும் என் மாணவி ஒருத்தியோடும் அவளுடைய அப்பாயியோடும் ஓர் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பகுதியில் அமர்ந்திருந்தேன். பிள்ளையின் தாயும் தந்தையும் கொழும்பில் வேலை செய்கின்றனர். வைத்தியர் சிங்களவர், பிள்ளையின் சிங்களம் இதற்குப் போதாது, ஆகவே மொழிபெயர்ப்பாளனாக நான் போயிருந்தேன். என்ன வருத்தம் என்று வைத்தியர் கேட்டதற்குப் பிள்ளை சொன்னது ஒரே வாக்கியம்: “அப்பாயி முன்ன மாதிரி இல்லீங்க.” அதனை மொழிபெயர்த்தேன். வைத்தியர் தலையசைத்துவிட்டு லாச்சியிலிருந்து அச்சிட்ட தாளொன்றை எடுத்தார்.

முப்பது புள்ளிகள் கொண்ட தாள் அது. இன்று என்ன திகதி, என்ன மாதம், என்ன வருடம், என்ன பருவம்? நாம் இருப்பது எந்த நாடு, எந்த ஊர், எத்தனையாவது மாடி? மூன்று பொருள்களின் பெயரைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுக. நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் செல்லுக. இத்தாளில் எழுதியிருப்பதை வாசித்து அவ்வாறே செய்க. ஒரு வாக்கியம் எழுதுக. ஒன்றையொன்று வெட்டி நிற்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைக.

திகதி கேட்டபோது மூதாட்டி, “காமன் ஊண்டி எட்டு நாளாச்சு” என்றார். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளும் பிசகவில்லை. தாளில் அதற்குப் புள்ளி இல்லை. பருவம் எது என்றதற்குப் பனிக்காலம் என்றார். வருடம் தெரியவில்லை. ஏழேழாகக் கழிக்கும் கணக்கில் தொண்ணூற்று மூன்றுக்கு அப்பால் செல்லவில்லை. பென்சிலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். எந்த நாடு என்ற கேள்விக்கு அவர் அளித்த மறுமொழியை நான் மறக்கப் போவதில்லை: “அத அவங்கல்ல சொல்லணும், சேர்.” முப்பதுக்குப் பன்னிரண்டு என்று வைத்தியர் எழுதினார். இருபத்து நான்குக்குக் கீழே இருந்தால் மறதிநோய் இருக்கக்கூடும் என ஐயுற வேண்டும் என்பது அத்தாளின் பொதுவிதி.

இத்தாளைக் கண்டு நகைப்பதற்கு முன்னர் அதன் பிறப்பை அறிந்துகொள்ளுதல் நேர்மை. 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மக்ஹியூ என்பாரும் இதனை வெளியிட்டனர். ஆஸ்பத்திரியில் தங்கியிருந்த நோயாளரின் அறிவுநிலையைக் கட்டிலருகே நின்று சில நிமிடங்களில் அறிந்துகொள்ளும் எளிய கருவியாகவே அது தோன்றியது. அவர்கள் கண்முன் நின்ற நோயாளர் பாடசாலைக்குச் சென்றவர்கள். நாட்காட்டி தொங்கும் வீட்டில் வாழ்ந்தவர்கள். நான்கு பருவங்களையுடைய நாட்டினர். கருவி எளிதாயிருந்தமையால் உலகெங்கும் பரவிற்று. பரவிய கருவியோடு, அதைச் செய்தவர்களின் வாழ்க்கை முறையும் மனித மனத்தின் இயல்பான வடிவம் என்னும் வேடம் பூண்டு பரவிற்று.

தமிழ் கற்றவன் என்ற முறையில் ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூலத் தாளில் நோயாளர் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டிய ஆங்கில வாக்கியம் ஒன்று உண்டு. அது ‘எனின்’, ‘உம்’, ‘ஆனால்’ என்னும் சிறு சொற்களை வெறுமனே அடுக்கி நாவைத் தடுமாறச் செய்யும் வாக்கியம். ஆங்கிலத்தில் இவை தனித்து நிற்கும் சொற்கள். தமிழிலோ இவற்றுட் பெரும்பாலானவை வேறொரு சொல்லின் வாலில் ஒட்டி வாழ்பவை. இடைச்சொற்கள் தாமாகத் தனித்து இயலா என்று தொல்காப்பியரே வரையறுத்துவிட்டார். இதனைத் தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கிடைப்பது நாவின் திறனை அளக்கும் வாக்கியமன்று; மூளை கலங்கியவரின் பேச்சு.

ஆயினும் மொழிபெயர்ப்பு மாத்திரம் இங்கே பிரச்சினை அன்று. அம்மூதாட்டி நாற்பது ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர். பிரட்டுக்களத்தில் அவர் ஒரு பேர்; கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மடுவத்தில் நிறுத்த கொழுந்தில் தண்ணீருக்கென்றும் கூடைக்கென்றும் கழித்தது போக எஞ்சியது எவ்வளவு, அந்த எஞ்சியதிலிருந்து சம்பளச் சீட்டில் இன்னும் எவையெவை கழிந்தன என்பதையெல்லாம் ஆயுள் முழுவதும் மனத்திலேயே கணக்கிட்டவர். கழித்தல் என்னும் கணக்கைத் தோட்டத் தொழிலாளிக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஒருபோதும் வெறும் எண்ணாக அவரிடம் வராத ஒன்றை வெறும் எண்ணாக நாம் கேட்டோம். மாடி இல்லாத வாழ்க்கை வாழ்ந்தவரிடம் மாடி எது என்றோம். பத்தடிக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர் அவர்.

இன்னும் ஆழமான இடம் ‘எந்த நாடு’ என்பது. வைத்தியருக்கு அது மிக எளிய கேள்வி. நோயாளியை அச்சமின்றித் தொடங்க வைக்கும் கேள்வி. நம் மக்களுக்கோ அதுதான் வாழ்நாள் முழுவதும் கேட்கப்பட்டு, எவ்விடை அளித்தும் தவறு எனப்பட்ட கேள்வி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டில் பிறந்தவனையும் அவன் தந்தை இங்கே பிறந்தவர் என்று, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று நிரூபிக்கச் சொன்னது. பிறப்புப் பதிவு அரிதாயிருந்த லயங்களில் பூட்டனுக்குப் பத்திரம் ஏது? 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தும், ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 134,000 பேரே. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை என்ன செய்வது என்பதைப் பத்தாண்டு கழித்துப் பார்த்துக்கொண்டது. நான் குறிப்பிடும் மூதாட்டியின் தமையன் ‘அழுகைக் கோச்சி’யில் தலைமன்னாருக்குப் போனவர்களில் ஒருவர். தகப்பனார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தமையால் இவரும் போக வேண்டியவரே, போகவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே இவர் இந்நாட்டின் பிரஜை ஆனார். அவ்வாறாயின், எந்த நாடு என்பதை அவர்களல்லவா சொல்ல வேண்டும் என்ற மறுமொழியில் பிழை எங்கே இருக்கிறது?

இதையெல்லாம் நான் அந்த வைத்தியரிடம் சொன்னேன், சற்றுச் சூடாகவே. இவர் பள்ளியை மிதிக்காதவர். உங்கள் தாள் பள்ளியை அளக்கிறது, மனத்தை அளக்கவில்லை என்றேன். அவர் இளைஞர், பண்பானவர். வெளியே நின்ற வரிசை நீண்டிருந்தும் பொறுமையாகக் கேட்டார், ஏற்றுக்கொண்டார். ‘கல்வியறிவு இல்லை, புள்ளியைக் கொண்டு முடிவு செய்ய இயலாது’ என்று எழுதி எங்களை அனுப்பிவிட்டார். திரும்பும் பஸ்ஸில் ஓர் அநீதியைத் தடுத்துவிட்ட பெருமிதம் எனக்கு இருந்தது.

என் வாதம் பிழையானதன்று. விஞ்ஞானிகளே அதை ஒப்புக்கொண்டுள்ளனர். ஹரியானாவின் வல்லப்கர் கிராமங்களில் முதியோரை ஆராய்ந்த குழுவினர், 1995இல் இத்தாளின் ஹிந்தி வடிவமொன்றை வெளியிட்டபோது எழுத்தறியாதாரை மனத்திற்கொண்டே அதைத் திருத்தினர். வாசித்துக் கண்ணை மூடு என்பதற்குப் பதிலாக, நான் செய்வதைப் பார்த்துச் செய் என்றனர். ஒரு வாக்கியம் எழுது என்பதற்குப் பதிலாக, உன் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல் என்றனர். நம் நாட்டில் சிங்கள வடிவம் 2002இல் வந்தது. அதனைக் கொண்டு ராகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரை ஆராய்ந்தபோது நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் மறதிநோய் காணப்பட்டதென 2003இல் அறிவித்தனர். மொன்றியலில் உருவாகி 2005இல் வெளிவந்த வேறொரு சோதனையை யாழ்ப்பாணத்து ஆய்வாளர்கள் தமிழுக்கு ஏற்ப அமைத்து, 2020இல் வெளியிட்டனர். அதன் மூலத்தில் பெயர் சொல்லுமாறு காட்டப்படும் படங்கள் சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம். திம்புள்ளையில் எவரும் ஒட்டகத்தைக் கண்டதில்லை. தேயிலைச் செடிகளுக்கிடையே சிறுத்தையைக் கண்டவர்கள் பலர்.

இவ்வளவும் மெய்யே. ஆனால் ஆனி மாதத்து மழையில் ஒருநாள் மாலை அம்மூதாட்டி வீடு திரும்பவில்லை. தாம் நாற்பது ஆண்டுகள் கொழுந்து எடுத்த மலைக்குக் கூடையுடன் போயிருக்கிறார். வேலையிலிருந்து நின்று எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. டோர்ச் லைட்டுடன் தேடிச் சென்றவர்கள் இரவு எட்டு மணிக்குப் பின்னர், கொழுந்து மடுவத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில், நனைந்து விறைத்த நிலையில் அவரைக் கண்டனர். கூடையில் கொழுந்து இருந்தது. கொழுந்தோடு முற்றிய இலையும் குச்சியும் இருந்தன. மட்டக்கம்பு இல்லாமலே மட்டம் பிசகாத கை அது என்று அயலார் சொன்னார்கள்.

அன்று தொடங்கி என் பெருமிதத்தை நான் விசாரித்து வருகிறேன். தாள் அநீதியானது, எனினும் தாள் தற்செயலாகச் சொன்னது உண்மை. நான் நீதியின் பெயரால் பேசினேன். என் பேச்சு நோயாளி ஒருவருக்கு நான்கு மாதங்களை இழக்கச் செய்தது. எந்த நாடு என்பதற்கு அவர் அளித்த மறுமொழியைச் சரித்திரம் முழுவதையும் அடக்கிய கூரிய அங்கதமாக நான் கொண்டேன். அவ்வாறும் இருக்கலாம். ஆனால் விடை மறந்தவர்கள் கேள்வியை வேறொருவர்பால் திருப்பிவிட்டுத் தம் மறதியை மறைத்துக்கொள்வது இந்நோயின் நன்கறியப்பட்ட இயல்பு என்று பின்னர் படித்தேன். இரண்டில் எது என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவருடைய வாயில் என் அரசியலை நான் கேட்டேனோ?

ஒடுக்கப்பட்ட மக்களைக் குறித்து நம்மவர் செய்யும் பிழைகள் இரண்டு. ஒன்று, அவர்களுக்கு அறிவில்லை என்று இகழ்வது. இதை நாம் எளிதில் இனங்காண்கிறோம். மற்றது, அவர்களிடம் காணும் குறை எதுவாயினும் அதை அளவுகோலின் குறையென்று தள்ளிவிடுவது. இது மரியாதையைப் போலத் தோன்றுவதால் இதை இனங்காண்பது கடினம். முதலாவது, நோயில்லாதவருக்கு நோய் என்ற பட்டம் சூட்டும். இரண்டாவது, நோயுற்றவரை நோயோடு விட்டுவிடும். இரண்டிலும் அந்த மனிதரை எவரும் பார்க்கவில்லை.

இரண்டாவது பிழை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1998இல் கொச்சியில் கூடிய மாநாட்டையொட்டி உருவாகிய ஆய்வுக்குழு ஒன்று தன்னைப் பத்துக்கீழ் அறுபத்தாறு என்னும் பொருள்படப் பெயரிட்டுக்கொண்டது. மறதிநோயாளருள் 66 வீதத்தினர் வறிய நாடுகளில் வாழ, அவர்களைப் பற்றி நடப்பது ஆராய்ச்சியில் 10 வீதத்துக்கும் குறைவு என்பது அப்பெயரின் பொருள். லத்தீன் அமெரிக்கா, சீனா, இந்தியா ஆகியவற்றில் அக்குழு நடத்திய ஆய்வின் முடிவுகள் 2008இல் வெளிவந்தன. இந்தியாவில் ஆராய்ந்த இடங்கள் சென்னையும் வேலூரைச் சார்ந்த கிராமங்களும். அமெரிக்க மனநலச் சங்கத்தின் வரையறையைக் கொண்டு பார்த்தபோது இந்தியக் கிராமத்தில் நோயுற்றோர் நூற்றுக்கு 0.3, கியூபாவில் 6.3. குழு தானே வகுத்த முறையில் அளந்தபோதோ எல்லா நாடுகளிலும் 5.6 வீதத்துக்கும் 11.7 வீதத்துக்கும் இடையில் அமைந்தது. இவ்வளவு வேறுபாடு ஏன்? முதல் வரையறையின்படி, முதியவரின் அன்றாட வாழ்க்கை குலைந்துவிட்டதென்று உறவினர் சொல்ல வேண்டும். வறிய இடங்களில் உறவினர் அவ்வாறு சொல்வது குறைவு. வயதானவரிடம் பெரிதாக எதையும் எதிர்பாராத வீட்டில் எது குலைந்தது என்று யார் காண்பார்? யாழ்ப்பாணத்தார் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்பர். நம் லயங்களில் ‘புத்தி தடுமாறிப் போச்சு, வயசாச்சில்ல’ என்பர். இரண்டும் நோயின் பெயரல்ல. விசாரணையை முடித்து வைக்கும் சொற்கள்.

சரி, படிக்காதவருக்குப் புள்ளியைக் கூட்டிக் கொடுத்துவிட்டால் போதாதா? மொன்றியல் சோதனை அவ்வாறே செய்கிறது: பன்னிரண்டாண்டுக்கு மேற்படாத கல்வியுடையார்க்கு ஒரு புள்ளி இனாம். ஆனால் பள்ளியின்மை வெறும் புள்ளிக் குறைவன்று. 2024இல் வெளிவந்த லான்செட் ஆணைக்குழுவின் அறிக்கை, இந்நோய்க்கு வழிவகுக்கும் மாற்றத்தக்க காரணிகள் பதினான்கு என எண்ணி, அவற்றுள் இளமையில் கல்வி குறைவாய் இருத்தலை வைக்கிறது. கேட்காத காதும், மருத்துவம் செய்யாத கண்ணும் அப்பட்டியலில் உண்டு. இப்பதினான்கும் நீங்கினால் நோயில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ பிற்போடவோ கூடும் என்கிறது. இதன் கருத்தை நாம் முழுமையாக உணர வேண்டும். அம்மூதாட்டியைப் பள்ளிக்கு அனுப்பாமல் பிள்ளைக் காம்பராவில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வைத்த அதே ஏற்பாடு, தாளில் அவர் பெறும் புள்ளியையும் குறைத்தது. மெய்யாகவே நோய் வரும் வாய்ப்பையும் கூட்டியது. புள்ளியைக் கூட்டிக் கொடுத்தால் முதற் குற்றத்துக்கு ஈடுசெய்ததாகும். இரண்டாவது குற்றம் கணக்கிலிருந்தே அழிந்துபோகும். வறுமை தன் சாட்சியைத் தானே கலைத்துவிட்டுப் போகிறது.

ஆகவே பொது எல்லைக்கோடு எங்கே வைக்கப்பட்டாலும், அது உயர்ந்திருந்தாலும் தாழ்ந்திருந்தாலும், நாம் தேடுவது அதனால் கிடைக்காது. மறதிநோய் என்பது ஒருவர் மற்றவரைவிடக் குறைந்திருப்பதன்று. தம்மைவிடத் தாமே குறைந்து போவது. ஒருவரை அவரோடேயே ஒப்பிட வேண்டும். கனடாவின் மானிட்டோபாவில் வாழும் கிரீ பழங்குடியினரிடத்தும், பின்னர் நைஜீரியாவின் இபடான் நகரில் யொருபா மக்களிடத்தும் ஆய்வு செய்தோர் இதனை உணர்ந்தே, முதியவரிடம் கேட்கும் கேள்விகளோடு அவரை அறிந்தவரிடம் கேட்கும் கேள்விகளையும் சமமாக வைத்தனர். முன்பு செய்ததை இப்போது செய்கிறாரா? இவ்வளவுதான் அக்கேள்விகளின் சாரம்.

ஆனால் முன்பு அவர் எப்படி இருந்தார் என்பது யாருக்குத் தெரியும்? இங்கேதான் வைத்தியம் சமுதாயத்தின் வாசலில் வந்து நிற்கிறது. தோட்டத்தின் செக்ரோலில் அம்மூதாட்டியின் நாற்பது ஆண்டுகள் உள்ளன. எத்தனை நாட் பேர், எத்தனை இறாத்தல், எத்தனை கிலோ என்பன உள்ளன. அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை எழுதி வைக்க எவருக்கும் அவசியம் இருக்கவில்லை. அவரை அறிந்த மகனும் மருமகளும் கொழும்பில் கடையிலும் வீட்டிலும் உழைக்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போகிறார்கள். நோயை அடையாளம் காணும் முதற் கருவி உறவினரின் கண் என்று நூல் சொல்கிறது. அந்தக் கண்ணைத்தான் சந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

இன்னொரு கேள்வியும் உண்டு. அதனை நான் முழுதாகத் தீர்க்க முயலவில்லை. சிகிச்சைக்கு வழியில்லாத இடத்தில் நோயைத் தேடிச் செல்வது தகுமா? நோயரித்தல் பற்றி வில்சனும் யுங்னரும் 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வகுத்த நெறிகளுள், கண்டறிந்தவர்க்குச் சிகிச்சையும் வசதியும் இருக்க வேண்டும் என்பது ஒன்று. மறதிநோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. ஆயினும் தைரொயிட் குறைவும், பி12 உயிர்ச்சத்துக் குறைவும், மனச்சோர்வும் இதே வேடத்தில் வருவன. அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தீராத நோயாயினும், மழை இருளில் மலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். அடுப்பைக் காவல் செய்யலாம். கைந்நாட்டு வைக்கச் சொல்லி எவரும் காகிதம் நீட்டாமல் தடுக்கலாம். இவை சிறியவை அல்ல. ஆனால் இவற்றைச் செய்ய வீட்டில் ஒரு வளர்ந்த மனிதர் வேண்டும். நிபுணரிடம் ஒருமுறை போய்வர ஒரு நாட் பேரை இழக்க வேண்டும்.

ஆடி மாதம் மறுபடியும் அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்கு முன்னர் நான் செய்தது ஒன்றே: மேட்டு லயத்துப் பெண்களிடம் போய் அமர்ந்து, இவர் முன்பு எப்படி என்று கேட்டேன். முதலில் ஒருவரும் பேசவில்லை. பிறகு சீட்டின் கதை வெளிவந்தது. இருபது பெண்கள் சேர்ந்த சீட்டு ஒன்றை அம்மூதாட்டி பதினைந்து ஆண்டுகளாக நடத்தி வந்திருக்கிறார். கொப்பி இல்லை, பென்சில் இல்லை. யார் எடுத்தாயிற்று, யார் எடுக்கவில்லை, யாருக்கு எத்தனை ரூபா பாக்கி, யார் பிள்ளையின் சடங்குக்காக முறையை மாற்றிக்கொண்டார் என்பதெல்லாம் மனக்கணக்கு. ஒரு சதம் பிழைத்ததில்லை. முந்திய தீபாவளிக்குச் சற்று முன்னர், எடுத்தவரையே மறுபடி எடுக்கச் சொன்னார். அடுத்த மாதம் இன்னொரு பிழை. பெண்கள் தமக்குள் பேசிக்கொண்டு, சீட்டை வேறொருத்தியிடம் மெல்ல மாற்றிவிட்டார்கள். கைப்பொறுப்பு உங்களுக்குப் பாரம் என்று அவரிடம் சொன்னார்கள். அவர் மனம் நோகக்கூடாதென்று வெளியே எவரிடமும் மூச்சு விடவில்லை. மாசி மாதத்தில் நானும் வைத்தியரும் தாளை வைத்துக்கொண்டு வழக்காடியபோது, லயம் முழுவதும் விடையை அறிந்திருந்தது. கேட்டவர் இல்லை.

“அப்பாயி முன்ன மாதிரி இல்லீங்க” என்று அந்தப் பிள்ளை அன்றே சொன்னாள். நான் அதனை மொழிபெயர்த்தேன், கேட்கவில்லை.

இம்முறை வைத்தியர் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். உடனே கேள்விகளைத் தொடங்கவில்லை. பிள்ளையின் பக்கம் திரும்பி, முன்பு உன் பாட்டி எவற்றையெல்லாம் நன்றாகச் செய்வார் என்று வினவினார். பிள்ளை சீட்டைப் பற்றிச் சொன்னாள். காமன் பாட்டை விடிய விடியப் பாடுபவர் இவ்வாண்டு பாதியில் நிறுத்திவிட்டு அடுத்தது என்ன என்று தன்னிடம் கேட்டதைச் சொன்னாள். ரொட்டிக்கு இருமுறை உப்புப் போட்டதைச் சொன்னாள். நான் ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். மூதாட்டி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவற்றை எழுத அச்சிட்ட தாளில் இடம் இருக்கவில்லை. வைத்தியர் அதைத் திருப்பி வைத்து, வெறுமையாயிருந்த மறுபக்கத்தில் எழுதத் தொடங்கினார்.